அம்மம்மாவின் பச்சைச் சீலை

கேள்வி: எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். போருக்குள் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வின்போது எனக்கு 9 வயது, அண்ணாவுக்கு 15. அன்று இரவு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்து போனது இன்றைக்கும் படம் மாதிரிக் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா சைக்கிளை உருட்டுகிறார். பின் கரியரில் அம்மம்மா பச்சைச் சீலையோடு இருக்கிறா. நான் கரியரைப் பிடித்தபடி பின்னால் நடக்கிறேன், என் இரட்டைப் பின்னல் நனைந்து முதுகில் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. போன மாதம் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவோடு வட்ஸ்அப்பில் கதைத்தபோது இதைச் சொன்னேன். "அம்மம்மா அண்டைக்கு எங்களோட வரவே இல்லை, ரெண்டு நாள் கழிச்சு மாமாவோட ட்ரக்டரிலதான் வந்தவ" என்று அடித்துச் சொல்கிறார். சேற்றுக்குள் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதது நான். அதையும் தன்னுடைய செருப்பு என்கிறார்! வாய்த்தர்க்கம் பெரிதாகி இப்போது இரண்டு பேரும் கதைப்பதில்லை. அப்பாவும் அம்மம்மாவும் உயிரோடு இல்லை. அம்மாவுக்கு 74 வயது, இன்றைக்கு ஒன்று சொல்கிறா, நாளைக்கு இன்னொன்று சொல்கிறா. என் மூளையில் ஏதும் பிழையா, அல்லது அண்ணா பொய் சொல்கிறாரா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். சின்ன வயதில் நடந்த ஒன்று உங்களுக்கு ஒரு விதமாகவும் கூடப்பிறந்தவருக்கு வேறு விதமாகவும் நினைவிருப்பது நோய் இல்லை. கேட்டதையே பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திருப்பிக் கேட்கிறீர்கள், தினமும் போய்வரும் ஒழுங்கையில் வழி மாறுகிறீர்கள், கைவந்த கறியின் பக்குவம் திடீரென்று பிடிபடவில்லை என்றால் அப்போது டொக்டரிடம் போங்கள். இது அது இல்லை. அண்ணாவும் பொய் சொல்கிறார் என்று எனக்குப் படவில்லை. இந்தச் சண்டையை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், அநேகமாகச் செத்தவீட்டு எட்டுச்செலவன்று தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தொடங்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அந்த இரட்டைப் பின்னலில் வந்து நின்றுவிட்டேன். உங்கள் பின்னல் உங்கள் முதுகில் ஒட்டியிருந்ததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? கண் முன்னால் இருக்கிறது, பின்னல் பின்னால் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் உங்களுக்குப் பின்னால் நாலு அடி தள்ளி நடந்து வந்த யாரோ ஒருவராக இருக்க வேண்டும், அது நீங்கள் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப எல்லாம் பொய்யா" என்று பதற வேண்டாம். நிக்ரோ, நைசர் என்ற உளவியலாளர்கள் 1983இல் இதைப் பற்றித்தான் எழுதினார்கள். சில நினைவுகளை நாம் நம் கண்ணுக்குள்ளிருந்து பார்க்கிறோம், சிலவற்றை வெளியே நின்று, நம்மையும் ஓர் ஆளாகச் சேர்த்துப் பார்க்கிறோம். நினைவு பழையதாகப் பழையதாக இரண்டாவது வகை கூடுகிறது. உண்மையில் நடந்தவையும் அப்படித்தான் தெரியும். ஆகவே பின்னல் தெரிகிறது என்பதால் அந்த இரவு பொய்யாகிவிடாது. ஆனால் ஒன்று நிச்சயம்: அது அன்றைக்கு எடுத்து வைத்த படம் இல்லை. பிறகு எப்போதோ, உங்களுக்குத் தெரிந்த துண்டுகளை வைத்து மூளை கீறிய படம். மழை தெரியும், பின்னல் போட்டிருந்தது தெரியும், நனைந்தால் ஒட்டும் என்பதும் தெரியும். மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது.

சரி, சீலைக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் இழுத்தது அந்தப் பச்சைதான்.

கண்ணின் விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள் இருக்கின்றன. கூம்புக் கலங்கள் கிட்டத்தட்ட 60 லட்சம், கோல் கலங்கள் ஏறக்குறைய 12 கோடி. நிறத்தைப் பிரித்துக் காட்டுவது கூம்புகள், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்வது கோல்கள். அவற்றில் ஒரே ஒரு வகை நிறப்பொருள்தான் இருப்பதால் வெளிச்சம் கூடவா குறையவா என்று மட்டும் சொல்லும், பச்சையா சிவப்பா என்று சொல்ல அவற்றால் ஏலாது. நடுச்சாமத்தில் கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள், கொடியில் காயும் உடுப்பு எல்லாம் சாம்பலும் கறுப்புமாகத்தான் தெரியும்.

இப்போது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்தே மின்சாரம் இல்லை. நிலவு இருந்ததா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஒக்டோபர் 24ஆம் திகதி சூரியகிரகணம், பலருக்கு நினைவிருக்கும். சூரியகிரகணம் அமாவாசையில்தான் வரும், அப்படியானால் 30ஆம் திகதி வளர்பிறை, அரை நிலவு. அரை நிலவு நடுச்சாமத்தோடு படிந்துவிடும், அதுவும் மழை முகில் விட்டால்தானே தெரியும். சைக்கிள் டைனமோ? உருட்டிக்கொண்டு போகும்போது, அதுவும் அந்தச் சனத்துக்குள் ஒரு அடி எடுத்து வைத்து ஒரு அடி நின்று போகும்போது, டைனமோ விளக்கு கண் சிமிட்டக்கூட மாட்டாது. யாராவது அரிக்கன் லாம்பு பிடித்திருக்கலாம். அந்த மண்ணெண்ணெய் மஞ்சளில் கடும் பச்சையையும் நீலத்தையும் கறுப்பையும் பிரித்துச் சொல்லப் புடவைக் கடைக்காரராலும் முடியாது.

ஆகவே அம்மம்மா அன்றிரவு கரியரில் இருந்திருக்கலாம், பச்சைச் சீலையே கட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பச்சை அந்த இரவில் உங்கள் கண்ணுக்குள் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. வேறு எங்கிருந்தோ வந்து அம்மம்மாவின் மேல் ஏறியிருக்கிறது. விடிந்த பிறகு கைதடியிலோ சாவகச்சேரியிலோ பார்த்ததாக இருக்கலாம். வீட்டில் ஏதாவது கலியாண அல்பத்தில் அம்மம்மா பச்சைச் சீலையோடு இருக்கிறாவா என்று ஒருக்கால் தேடுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள்: 1996 சித்திரை, வைகாசியில் சனம் கொக்குவில் இருக்கும் வலிகாமப் பகுதிக்குத் திரும்பியபோது நீங்களும் அதே பாதையால், அதே சைக்கிளோடு, பட்டப்பகலில் வந்திருப்பீர்கள் அல்லவா? அம்மம்மா கரியரில் இருந்தது அந்தப் பயணத்தில் என்றால், உங்கள் படத்தில் ஒரு துண்டுகூடப் பொய் இல்லை. மழை உண்மை, சைக்கிள் உண்மை, சீலை உண்மை. பொருத்திய இடம்தான் மாறிவிட்டது. இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதில்தான் கட்டுவேன்.

ஒரு விஷயத்தை எங்கே பார்த்தோம், யார் சொல்லக் கேட்டோம் என்பதை மூளை தனியாக எழுதி ஒட்டி வைப்பதில்லை என்பது மார்சியா ஜோன்சன் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் பல வருடம் ஆராய்ந்த விடயம். எங்கள் பாஷையில் இதற்கு ஒரு வடிவான ஏற்பாடு இருக்கிறது. நாங்களே பார்த்தது என்றால் "வந்தவ" என்போம். கேள்விப்பட்டது என்றால் "வந்தவவாம்". அந்த "ஆம்" ஒன்றைப் போட்டவுடன், இது என் கண்ணால் கண்டது இல்லை, பொறுப்பு சொன்னவருடையது என்று கேட்பவருக்கு விளங்கிவிடும். ஒன்பது வயதில் நீங்கள் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்: "அம்மம்மா மழையில நனைஞ்சவவாம்", "செம்மணி வெளியில விடியும் மட்டும் நிண்டவையாம்". கேட்டதெல்லாம் மனதில் படமாகிறது. படம் தங்கிவிடும், ஒட்டியிருந்த "ஆம்" மெல்ல உதிர்ந்துவிடும். பல வருடம் கழித்து அதே கதையை நீங்கள் உங்கள் பிள்ளைக்குச் சொல்லும்போது "நனைஞ்சவ" என்றுதான் வாயில் வரும். நீங்கள் அங்கே பொய் சொல்லவில்லை, அந்த "ஆம்" எப்போது விழுந்தது என்று உங்களுக்கே தெரியாது.

"ஆனால் அவ்வளவு தெளிவாகத் தெரியுதே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெளிவு வேறு, சரி வேறு. 1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்தது. அடுத்த நாள் காலையே நைசரும் ஹார்ஷும் 106 மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் திரும்பவும் அதே கேள்விகள். எல்லாமே பழைய பதிலோடு ஒத்துப்போனது 3 பேருக்கு மட்டும். 11 பேருக்கு முக்கியமான ஒன்றுகூட ஒத்துவரவில்லை, ஆனாலும் அவர்களில் பலர் தங்களுக்கு நல்ல நிச்சயம் என்றுதான் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் கொண்டுவந்து காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இது இரண்டரை வருடக் கதை, நீங்களும் அண்ணாவும் சண்டை பிடிப்பது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட காலத்துக்கு முந்திய ஒன்றைப் பற்றி.

எனக்கும் இப்படி ஒன்று இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்த அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று புகையைப் பார்த்தது எனக்கு நல்ல நினைவு. வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். சின்னம்மா ஒருநாள் கேட்டுவிட்டுச் சொன்னா: "அந்த மாதம் முழுக்க நீ வவுனியாவில எங்கட வீட்டிலயெல்லோ நிண்டனி." இன்றைக்கும் அந்தப் புகை தெரிகிறது. வகுப்பில் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அண்ணாவுக்கு வருவோம், அவரை மட்டும் சும்மா விடுவதா? உங்கள் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். கண் கூர்மையாகப் பார்க்கும் இடம் அந்த நகத்தை விடச் சற்றுத்தான் பெரியது. மிச்சம் எல்லாம் மங்கல். கண் ஒரு விநாடிக்கு மூன்று தரம் போலப் பாய்ந்து பாய்ந்து மேய்வதாலும் மூளை இடைவெளியை நிரப்பிவிடுவதாலும்தான் முழுக்கத் தெளிவாகப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். அதிலும் கவனம் வேறு இடத்தில் இருந்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பதே தெரியாது. சைமன்ஸ், ஷப்ரி என்ற உளவியலாளர்கள் 1999இல் ஒரு வீடியோவைப் போட்டு, வெள்ளைச் சட்டைக்காரர் எத்தனை தரம் பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். எண்ணியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை.

பதினைந்து வயதுப் பெடியன், தலையில் ஒரு பொதியும் கையில் ஒன்றுமாக, முன்னால் நெருக்கும் சனத்துக்குள் அப்பாவைத் தவறவிடக்கூடாது என்ற பதற்றத்தோடு நடக்கிறான். சைக்கிள் கரியரில் யார் இருந்தது என்பதை அவன் எவ்வளவு பார்த்திருப்பான்? "அம்மம்மா வரவில்லை" என்பதும் "அம்மம்மாவைக் கண்ட நினைவு எனக்கு இல்லை" என்பதும் ஒன்றில்லை. அண்ணா முதலாவதைச் சொல்கிறார், அவரிடம் இருப்பது இரண்டாவதாகவும் இருக்கலாம். ஆனால் மாமாவின் ட்ரக்டர் என்று அவ்வளவு குறிப்பாகச் சொல்வதில் ஏதோ இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மாமா இருந்தால் அவரிடம் கேளுங்கள். அவர் ட்ரக்டரில் யார் யாரை ஏற்றினார் என்று மட்டும் கேளுங்கள், அம்மம்மாவின் பெயரை நீங்கள் எடுக்க வேண்டாம்.

செருப்புக் கதை உங்களுக்குச் சிறுமையாகப் படலாம், எனக்கு இல்லை. நியூசிலாந்தில் ஷீன், கெம்ப், அமெரிக்காவில் ரூபின் ஆகிய மூவரும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இரட்டையரைப் பற்றியது. சைக்கிளால் விழுந்தது நான்தான், இல்லை நான்தான் என்று இரண்டு பேரும் ஒரே சம்பவத்துக்கு உரிமை கோரிய சோடிகள் பல இருந்தன. இரட்டையர் இல்லாத கூடப்பிறந்தவர்களிடமும் இது உண்டு. ஒருவருக்கு நடந்ததை மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார், வீட்டில் நூறு தரம் கேட்கிறார், ஒரு கட்டத்தில் அந்தச் சேறு அவருடைய காலிலும் ஒட்டிவிடுகிறது. ஒருவேளை உங்கள் செருப்பைத் தேடிக் குனிந்தது அண்ணாவாக இருக்கும்.

இன்னொன்று. அண்ணா இந்தக் கதையை ரொறன்ரோவில் தன் பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மரியானும் நைசரும் (திரும்பவும் அதே நைசர்தான், மனுஷன் எங்கும் நிற்பார்) 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ரஷ்யாவில் வளர்ந்து அமெரிக்காவுக்குப் போன 20 மாணவர்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய காலத்து நினைவுகள் கூடுதலாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலத்தில் வாழ்ந்த காலத்தவை கூடுதலாக வந்தன. இருபது பேர்தான், அதை வைத்து மலையைப் புரட்ட வேண்டாம். ஆனாலும் அண்ணாவோடு கதைக்கும்போது வீட்டுத் தமிழில், ஒழுங்கைப் பெயர் சொல்லி, அயலட்டையின் பட்டப்பெயர் சொல்லிக் கதையுங்கள். "யார் சரி" என்று தொடங்காமல், "வெளிக்கிடும்போது அம்மா என்ன சமைச்சு வச்சிருந்தவ?" என்று தொடங்கினால் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்.

கதைக்க முதல் ஒரு வேலை இருக்கிறது, இதைக் கட்டாயம் செய்யுங்கள். இரண்டு பேரும் தனித்தனியே ஒரு கொப்பியில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. கண்ணால் கண்டது நிச்சயம் என்றால் அப்படியே எழுதுங்கள். கேட்டதாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்தால்கூட "ஆம்" போடுங்கள். எழுதி முடித்த பிறகு மட்டும் மாற்றி வாசியுங்கள். ஏனென்று கேட்டால், கபர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2003இல் ஒரு சம்பவத்தை வேறு வேறு கோணத்தில் எடுத்த இரண்டு வீடியோக்களைச் சோடியாக வந்தவர்களுக்குக் காட்டினார்கள், இரண்டு பேரும் பார்த்தது ஒன்றே என்று சொல்லி. பிறகு கதைக்க விட்டார்கள். கதைத்தவர்களில் 71 வீதமானோர் தங்கள் வீடியோவில் இல்லவே இல்லாத ஒன்றையாவது தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். நீங்களும் அண்ணாவும் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் ஒரு சுற்றுக் கதைத்துவிட்டீர்கள், இனிமேலாவது பிந்தாமல் எழுதுங்கள்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் எனக்குக் கவலை. நம் ஆட்கள் கேட்பது எப்படி? "அம்மா, அம்மம்மா அண்டைக்கு அப்பான்ர சைக்கிளிலதானே வந்தவ?" அந்த "தானே" கேள்வி இல்லை, உத்தரவு. 74 வயதுத் தாய், மகள் மனம் நோகக்கூடாது என்று "ஓம் பிள்ளை" என்பா. மறுநாள் அண்ணா கனடாவிலிருந்து எடுத்து "மாமாவோடதானே?" என்றால் அதற்கும் "ஓம் தம்பி". பிறகு நீங்கள் இரண்டு பேரும் அம்மா மாற்றி மாற்றிச் சொல்கிறா என்கிறீர்கள். சொல் ஒன்றை மாற்றினாலே நினைவு மாறும் என்பதை லொஃப்டஸும் பாமரும் 1974இல் காட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் அதே கார் விபத்துப் படங்கள், பார்த்தவர்களில் சிலரிடம் கார்கள் "முட்டியபோது" என்ன வேகம் என்றும் வேறு சிலரிடம் "அடித்து நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். முதலாவது கூட்டம் சொன்னது சராசரியாக மணிக்கு 34 மைல், இரண்டாவது 40க்குச் சற்றுக் கூட. அதேபோன்ற இன்னொரு சோதனையில் ஒரு கிழமை கழித்து உடைந்த கண்ணாடி கண்டீர்களா என்று கேட்டபோது, "முட்டிய" 50 பேரில் 7 பேர் கண்டோம் என்றார்கள், "நொறுங்கிய" 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை.

ஆகவே காலையில், அம்மா நித்திரை கொண்டு எழும்பித் தெளிவாக இருக்கும் நேரம் பாருங்கள். டிவியை நிற்பாட்டுங்கள். "அண்டைக்குப் பின்னேரம் தொடக்கம் என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். போனில் பதிந்துகொள்ளலாம், அவவுக்குச் சொல்லிவிட்டு. சீலை, சைக்கிள், ட்ரக்டர் மூன்றில் ஒன்றும் உங்கள் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது. இடையில் அவ பேசாமல் இருந்தால் இருக்கட்டும். முகம் வாடினால், கை நடுங்கினால் விட்டுவிடுங்கள், சீலையின் நிறம் அவ்வளவு பெறுமதியானது இல்லை. அம்மாவின் அன்றாட மறதி கூடிக்கொண்டு போகிறது என்றால் அதை வேறாக, ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கும் இந்தக் கதை கிளறியபின் இரவில் நித்திரை இல்லை, கெட்ட கனவு என்றால் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அண்ணாவுக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பலாம், கொரில்லாப் பகுதியை வேண்டுமானால் வெட்டிவிட்டு. அம்மா சொன்னதையும் எனக்கு எழுதுங்கள். அந்தச் செருப்பே தன்னுடையது என்று அவ சொன்னாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.